மதியத்தில் மட்டும் விழுந்த பள்ளம்

காப்பார் அக்கா அளந்து எடுத்த வரைபடக் கோட்டில் அந்தப் பள்ளத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் கணினித் திரைக்கு முன்னால் நிற்க வைத்து, பேனா முனையால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இஞ்ச பாருங்கோ. இதுக்காகத்தான் நான் இவ்வளவு வருஷமாய்க் காத்திருந்தனான்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் என் கண் அந்தப் பள்ளத்தைவிட்டு நகரவில்லை. முந்தின நாள் காலை அதே தூள், அதே பனி, அதே விளக்கை வைத்து நான் எடுத்த கோடு அந்த இடத்தில் தட்டையாக இருந்தது.

நாங்கள் மூவரும் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், தரைத்தளத்து ஆய்வகத்தில் வேலை செய்தோம். டாக்டர் எங்கள் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். வீட்டுத் தமிழை விடாமல் பேசுவார். அக்கா இடைநிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை, படிப்பு விடுப்பில் வந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காப்பார் என்ற ஊரிலிருந்து காரோட்டி வருவார்.

எங்கள் கேள்வி வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ என்ற நிலவைப் பற்றியது. அதன் தரையில் என்ன இருக்கிறது? போய் அள்ளிக்கொண்டு வர முடியாது. சூரிய ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த ஒளியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியை விண்வெளித் தொலைநோக்கியில் பிரித்துப் பார்த்தால், தரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்தில் கொஞ்சம் ஒளியை விழுங்கியிருப்பது தெரியும். விழுங்கிய இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். பனிக்கட்டிக்கு ஓர் இடம், கரியமில வாயுவுக்கு ஓர் இடம். காலிஸ்டோவின் கோட்டில், கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்த பொருள்களுக்குரிய இடத்தில் லேசாக ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பொருள்கள் அங்கே எப்படி வந்தன என்பதில் ஆளுக்கொரு கருத்து. பனியும் உறைந்த கரியமில வாயுவும் கலந்த தரையில் சூரியனின் புற ஊதா ஒளி ஓயாமல் விழுவதால் அங்கேயே உண்டாகின்றன என்பது டாக்டரின் கருத்து.

அதைச் சோதிக்க எங்களிடம் பெரிய பிரஷர் குக்கர் அளவில் ஓர் எஃகுப் பாத்திரம் இருந்தது. சேம்பர் என்போம். உள்ளே கொஞ்சம் களிமண் தூளை வைத்து மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, திரவ நைட்ரஜனால் குளிர வைப்போம். பிறகு நீராவியையும் கரியமில வாயுவையும் மெல்ல உள்ளே விட்டால் தூளின்மேல் வெள்ளையாகப் படியும். அதன்மேல் புற ஊதா விளக்கைக் காட்டுவோம். விளக்குக்கு முன்னும் பின்னும் அகச்சிவப்பில் அளந்து இரண்டு கோடுகளையும் ஒப்பிட வேண்டும். புதிதாகப் பள்ளம் விழுந்தால் புதிதாக ஏதோ உண்டாகியிருக்கிறது.

நான் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்ததால் விடிந்ததும் ஆய்வகத்துக்கு வந்துவிடுவேன். அக்கா பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டு, நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து வருவதற்குள் மதியம் ஆகிவிடும். அதனால் காலையில் சேம்பர் எனக்கு, மதியத்துக்கு மேல் அவருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் மதியத்தில் தூள் மாற்றி எடுத்த கோடுகள் எல்லாவற்றிலும் பள்ளம் வந்தது. காலையில் நான் எடுத்த எதிலும் வரவில்லை.

டாக்டர் என்னைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். தட்டைக் கோடுகளை அவர் மேசையில் வைக்கும்போது, சமையல் தெரியாத மருமகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உங்களுக்கு மட்டும் ஏன் வருதில்லை?”

அந்த ‘மட்டும்’ என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்கு போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை. வந்து இறங்கும் கொள்கலன்களின் கதவில் பூட்டு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. பல வருடமாக அதையே செய்து, யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கும் சுபாவம் அவனுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? சீல் அறுந்திருந்தா நான் மொதல்ல லோரி டிரைவரத்தான் புடிப்பேன். கடைசியா யார் கை பட்டுச்சு? அவன்தான் பதில் சொல்லணும். அந்த அக்கா கை பட்டாத்தான பள்ளம் வருது?”

“அதுக்காக அவங்க ஏமாத்துறாங்கனு சொல்ல முடியாது அண்ணே.”

“நான் சொல்லல லா. நீதான் சோத்தப் பெசஞ்சி வச்சிட்டு சாப்பிடாம உக்காந்திருக்க.”

திங்கட்கிழமையிலிருந்து நான் அக்காவைக் கவனிக்கத் தொடங்கினேன். மதியத்துக்கு மேலும் ஏதாவது வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆய்வகத்திலேயே இருந்தேன். அவர் கைப்பையில் கைக்குப் பூசும் கிரீம் ஒன்று இருந்தது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பார். எண்ணெய், கிரீம், மெழுகு எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஒரு துளி போதும், அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். கையுறை போடாமல் தூளைத் தொடுகிறாரா என்று பார்த்தேன். போட்டுக்கொண்டுதான் தொட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேம்பரைத் திறந்தபோது, வேண்டுமென்றே மறைக்கிறார் என்று நினைத்தேன். இத்தனைக்கும் அந்த மேசையில் வேறு எந்தப் பக்கமாகவும் நிற்க முடியாது.

அலமாரியில் களிமண் தூள் ஒரு புட்டி உபரியாக இருந்தது. யாரும் திறக்கத் தேவையில்லாதது. அதன் மூடியிலும் கழுத்திலும் சேர்த்துப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வைத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தபோது மூடியில் இருந்த கோடும் கழுத்தில் இருந்த கோடும் விலகியிருந்தன. யாரோ திறந்திருக்கிறார்கள்.

அதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தேன். அக்காவின் அளவீடுகள் இருந்த கோப்புறையில் விளக்குக்குப் பிந்தைய கோடுகள்தான் இருந்தன. முந்தைய கோடு ஒன்றுகூட இல்லை. வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் இதை மறந்திருக்க முடியாது என்று தோன்றியது.

டாக்டரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் காலை என் இழுப்பறையைத் திறந்தபோது விரலில் ஏதோ ஒட்டியது. கண்ணாடிபோல் மெல்லிய டேப். இழுப்பறைக்கும் மேசைச் சட்டத்துக்கும் நடுவே, குனிந்து பார்த்தால்தான் தெரியும் இடத்தில் ஒட்டியிருந்தது. நான் திறந்ததும் கிழிந்துவிட்டது. நான் ஒருவரை வேவு பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் என்னை வேவு பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அக்கா வந்து பையை வைக்கும்வரை பொறுத்திருந்தேன். வெளியே மழை கொட்டியது.

“அக்கா, இந்த டேப் யார் ஒட்டுனது?”

அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். “நான்தான்.”

“எதுக்கு?”

“நீ புட்டியில பென்சில் கோடு போட்டது எதுக்கோ, அதுக்குத்தான்.”

அவரே தொடர்ந்தார்.

“அந்தத் தூள நீ மாத்தி வச்சிட்டியோனு தொறந்து பாத்தேன். காலையில யாரும் இல்லாத நேரத்துல நீ தனியா இங்க இருக்க. என்ன செய்றனு எனக்கு எப்படித் தெரியும்? என் ரிசல்ட்ட நீ நம்பலயாம். என் கை சுத்தம் இல்லனு டாக்டர்கிட்ட சொன்னியாமே?”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல அக்கா. நீங்கதான் சொன்னீங்களாம். நான் நைட்ரஜன் ஊத்துறதுல அவசரப்படுறேன், அதனாலதான் எனக்குப் பள்ளம் வரலனு.”

“நானா? யார் சொன்னா?”

“டாக்டர்.”

இருவரும் ஒரே நேரத்தில் நடைவழிக்கு எதிரே இருந்த அவருடைய அறைக்கதவைப் பார்த்தோம். மூடியிருந்தது. அக்கா எழுந்துபோய் எங்கள் கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

“சரி, இதுக்கும் பதில் சொல்லுங்க,” என்றேன். “விளக்குக்கு முன்னாடி எடுக்குற கோடு உங்ககிட்ட ஏன் இல்ல?”

“நைட்ரஜன வீணாக்க வேணாம், ஏற்கெனவே ஒரு நல்ல கோடு இருக்கு, அதையே வச்சிக்குங்கனு அவர்தான் குடுத்தாரு.”

அந்த ‘நல்ல கோட்டை’ அவர் தன் கணினியில் திறந்தபோது எனக்கு ஒரு நொடியில் அடையாளம் தெரிந்தது. அது என்னுடையது. நான் ஒரு காலையில் எடுத்தது. அதன் ஓரத்தில் இருந்த சின்ன நெளிவுகூட அப்படியே இருந்தது. என் காலைக் கோட்டை ‘முன்’ என்றும் அக்காவின் மதியக் கோட்டை ‘பின்’ என்றும் வைத்து, நடுவில் விளக்குதான் எல்லாவற்றையும் செய்தது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சோம்பலில் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? அன்று இரண்டாவதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஒருவரையொருவர் நம்பாத இருவர் சேர்ந்து செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தோம். டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாளில், பிள்ளையைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டு அக்கா காலையிலேயே வந்தார். ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் சேர்ந்து தூள் வைத்தோம், குளிர வைத்தோம், அளந்தோம். கோடு தட்டை. சேம்பரைத் திறந்து, வழக்கம்போல் சூடாக்கிச் சுத்தம் செய்து, மதியத்துக்கு மேல் அதே புட்டியிலிருந்து புதுத் தூள் வைத்தோம். விளக்கைப் போடுவதற்கு முன்னால் ஒரு கோடு எடுத்தோம்.

பள்ளம் இருந்தது.

“வெளக்கே போடலயே லா,” என்றார் அக்கா, மெதுவாக.

என் கையும் இல்லை, அவர் கையும் இல்லை. விளக்கும் இல்லை. அப்படியானால் மதியத்தில் இந்த அறைக்குள் என்ன வருகிறது? டாக்டரிடம் சாவி இருந்தது. மதிய இடைவேளையில் அவர் உள்ளே வந்து ஏதாவது செய்கிறாரோ என்று கிசுகிசுத்துக்கொண்டோம். நான் வெளியே சாப்பிடப் போகாமல், ரொட்டியைத் தின்றுகொண்டு சேம்பருக்குப் பக்கத்திலேயே காவல் இருந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. பள்ளம் வந்தது. குளிர்சாதனத்தை அணைத்துப் பார்த்தோம். வந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தோம். வந்தது.

இப்படி இருக்கும்போது, இங்கே புவாசா என்று சொல்லும் முஸ்லிம்களின் நோன்பு மாதம் தொடங்கியது. வளாகத்துச் சிற்றுண்டிச்சாலை பகலில் மூடிக்கிடந்தது. முதல் நாள் மதியம் தூள் வைத்து அளந்தோம். கோடு தட்டையாக வந்தது. அடுத்த நாளும் அப்படியே. அக்கா திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, காலிஸ்டோவும் புவாசாவா?”

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் மறுபடியும் கரையான் அரிக்கத் தொடங்கியது. சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் இவர் எதையோ நிறுத்திக்கொண்டாரோ? அவர் பார்வையிலும் அதே கேள்வி இருந்ததுபோல் தெரிந்தது.

அந்த வாரமே ஒரு நாள் சேம்பரில் கசிவு ஏற்பட்டு, எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. மறுபடி தூள் வைக்கும்போது மாலை ஆகியிருந்தது. அன்று விழுந்த பள்ளம்போல் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. அத்தனை ஆழம்.

வழக்கமான நாளில் மதியத்திலிருந்து, நோன்பு மாதத்தில் மாலையில் மட்டும். அப்படி வருவது எது? நான் சத்தமாகவே கேட்டேன். அக்கா காற்றை மோந்து பார்த்தார். “பசிக்குது,” என்றார். அப்போதுதான் எண்ணெயில் எதையோ பொரிக்கும் வாசனை எனக்கும் தெரிந்தது.

சேம்பரைத் திறக்கும்போது வெளிக்காற்றின் ஈரம் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக, முதலில் அதை உலர்ந்த காற்றால் நிரப்புவோம். அந்தக் காற்று கட்டடத்தின் பின்புறம் இருந்த ஒரு கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வந்தது. அது ஓடும் சத்தத்தைத் தினமும் கேட்டிருக்கிறோமே தவிர, அதைப் போய்ப் பார்த்ததில்லை. இருவரும் பின்பக்கம் போனோம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சாலையோரக் கடைகள் வரிசையாக இருந்தன. நோன்பு திறக்க வாங்குவதற்குக் கூட்டம் நின்றது. வேலியை ஒட்டினாற்போல் ஒரு பெண் பெரிய வாணலியில் வாழைப்பழத் துண்டுகளை மாவில் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் புகை எழும்பி, நேராகக் கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் வாய்க்கு வந்தது.

நோன்பு மாதத்தில் அந்தக் கடை மாலையில்தான் திறக்கும். மற்ற மாதங்களில் மதியத்திலேயே அடுப்புப் பற்றவைத்துவிடுவார்கள். அந்த வாழைப்பழப் பொரியலை, பீசாங் கோரெங்கை, நானே பலமுறை தாப்பாவ் என்று பொட்டலமாக வாங்கிப்போய் அறையில் தின்றிருக்கிறேன்.

மறுநாள் தொழில்நுட்ப உதவியாளரை அழைத்துவந்து கம்ப்ரஸரின் வடிகட்டியைக் கழற்றினோம். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது. அந்தக் கருவி காற்றின் ஈரத்தை மட்டும்தான் எடுத்தது. எண்ணெயாவியைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. உள்ளே வந்த ஆவி சேம்பரின் சுவரில் ஒட்டிக்கொண்டு, குளிர வைத்ததும் அங்கே இருப்பதிலேயே குளிரான இடத்துக்கு, எங்கள் தூளின் மேல், போய்ப் படிந்திருக்கிறது. அக்கா அந்தப் பிசுபிசுப்பைத் துளி எடுத்து ஒரு கண்ணாடி வில்லையில் தடவி அளந்தார். எங்கள் பள்ளம் இருந்த அதே இடத்தில் இறங்கியது. கரி வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, சேம்பரை நாள் முழுக்கச் சூடாக்கினோம். பிறகு அடுப்பு எரியும் நேரம் பார்த்து மாலையில் தூள் வைத்தோம். கோடு தட்டையாக வந்தது. விளக்கை எவ்வளவு நேரம் காட்டியும் அது அசையவில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். நாங்கள் முடித்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

“இது வேற ஆருக்குத் தெரியும்?”

வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு இந்தப் பள்ளத்தைப் பற்றிய ஆய்வுச் சுருக்கத்தை அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். ஏற்றுக்கொள்ளப்பட்டும் விட்டது.

“நம்ம மூணு பேருக்கும் உதவியாளருக்கும் தெரியும்,” என்றார் அக்கா. “சுருக்கத்தத் திரும்ப வாங்கணும் டாக்டர்.”

“நான் எழுதுறன். நீங்கள் போய் வேலையப் பாருங்கோ.”

நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

“இப்பவே எழுதுங்க டாக்டர். நாங்க இருக்கோம்.”

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “என்னில நம்பிக்கை இல்லையோ?”

“இல்ல டாக்டர்.”

டாக்டரின் கையெழுத்து இல்லாமல் எங்கள் இருவருக்கும் பட்டம் கிடையாது. அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. வகுப்பில் கடைசி மேசைப் பையன் விடைத்தாளை நீட்டும்வரை காத்திருக்கும் ஆசிரியைபோல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மடிக்கணினியை இழுத்துத் தட்டச்சு செய்தார். அளவீட்டில் மாசு கலந்திருப்பது தெரியவந்ததால் சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டே வரி. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு அனுப்பினார்.

அதன்பின் பல வாரம் அவர் அக்காவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் வழக்கத்தைவிட இனிமையாகப் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது. ஒருவர் சொன்னதாக மற்றவரிடம் ஏன் இல்லாததைச் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. இருவரும் போட்டி போட்டு வேலை செய்யட்டும் என்று நினைத்திருக்கலாம். நாங்கள் உட்கார்ந்து பேசினால் கோட்டின் குட்டு வெளிப்படும் என்று பயந்திருக்கலாம். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

அக்கா தன் பகுதியை எழுதிக் கொடுத்து, விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பினார். அவருக்குப் பட்டம் கிடைத்தது. தாமதமாக, ஆனால் கிடைத்தது. நான் மேற்கொண்டு செய்த ஆய்வு முழுவதும், எங்கள் விளக்கின் கீழ் அந்தப் பொருள் உண்டாகவில்லை என்பதைக் காட்டுவதிலேயே போயிற்று. எங்களால் பார்க்க முடிந்த அளவுக்கு உண்டாகவில்லை என்றுதான் ஆய்வேட்டில் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், என் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“அப்படியானால் காலிஸ்டோவின் கோட்டில் இருக்கும் பள்ளம் என்ன?”

“தெரியாது,” என்றேன். “வியாழனை இன்னும் தூரத்தில் சுற்றும் சிறிய நிலவுகளிலிருந்து விழுந்த தூசியாக இருக்கலாம். நாங்கள் காட்டாத வேறு வகை ஒளி செய்ததாக இருக்கலாம். அளந்த கருவியிலேயே ஏதாவது இருக்கலாம்.”

“விண்வெளியில் இருக்கும் கருவியையும் சந்தேகப்படுகிறீர்களா?”

“அந்தக் கருவியை நான் நேரில் பார்த்ததில்லை.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டு, சில திருத்தங்களோடு தேர்ச்சி என்றார்கள். டாக்டர் எழுந்து கை கொடுத்தார். கை சூடாக இருந்தது.

வாசலுக்கு வந்ததும் அக்காவுக்கு அழைத்தேன். பள்ளி ஆசிரியர் அறையில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசம்மா. ஆனா இப்பவே யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. சர்டிபிகேட் கைக்கு வரட்டும்.”

சரி அக்கா என்றேன். அன்று வேறு யாரிடமும் சொல்லவில்லை.